மகளுக்குக் காது கேட்கும் என்று நிரூபித்தவர்

தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாய் உண்டு. குரலுக்குத்தான் அங்கே வேலை கிடையாது. தகரக் கூரைக்குக் கீழே விசைத்தறிகள் வரிசை வரிசையாக ஒரே நேரத்தில் அடிக்கும்போது, ஒருவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் சூடான காற்றுதான் படும். வார்த்தை போய்ச் சேராது. அதனால் யாரும் கத்துவதில்லை. உதட்டை நன்றாக அசைத்து, புருவத்தையும் கையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவருக்கு முதலில் எல்லோரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவதாகத் தோன்றும். கொஞ்ச நாளில் அவரும் மீனாகிவிடுவார். அப்புறம் அந்தப் பழக்கம் வேலை முடிந்ததும் கழற்றி மாட்டுகிற சட்டை இல்லை. வீட்டுக்கும் கூடவே வரும்.

ஃபிட்டருக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணப் பேச்சே இந்தப் பாஷையில்தான் நடந்தது. அவர் தறிகளைப் பழுது பார்க்கிறவர். அவள் அதே கூடத்தில் நூல் சுற்றும் மிஷினில் இருந்தாள். ஒருநாள் அவர் ஒரு கோடியில் நின்று, "சம்மதமா?" என்று உதட்டை அசைத்தார். அவள் மறுகோடியில் நின்று, "யோசிச்சுச் சொல்றேன்" என்று உதட்டை அசைத்தாள். நடுவில் நின்ற அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டார்கள். அவள் யோசித்து முடிப்பதற்குள் கூடம் முழுக்க வாழ்த்துச் சொல்லிவிட்டது. தூரத்திலிருந்தே படிக்க முடிகிற பேச்சில் ரகசியம் ஏது?

கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை பஸ்ஸில் இருவருக்கும் சண்டை. அவர் முன்பக்கம், அவள் பின்பக்கம். உதட்டாலும் கையாலும் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்த ஒரு பெரியவர் மனம் இளகி, "பாவம், ரெண்டு பேருக்கும் பேச்சு வராது போல" என்று எழுந்து இடம் கொடுத்தார். மறுத்துப் பேசினால் அவருக்குச் சங்கடம் என்று ஃபிட்டர் இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையை அவர் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இப்போது சொல்வதில்லை.

மகள் பிறந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் நடக்கத் தொடங்கிய பிறகு தறிக்கூடத்துக்கே தூக்கி வந்தார்கள். நெய்து முடித்த துணியை மடிக்கிற இடம் கம்பி வலையால் தடுத்திருக்கும். மிஷின் எதுவும் அந்தப் பக்கம் வராது. அங்கே துணி மடிக்கிற அக்காவிடம் குழந்தை இருந்தது. தடுப்புக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடிக்கொண்டே இருந்ததால், தறியில் குறுக்கே ஓடி ஊடை நூலைப் போடுகிற நாடாவின் பேரையே அவளுக்கு வைத்தார்கள். வீட்டிலும் அவள் நாடாதான்.

நாடா தறிக்கூடப் பேச்சை அப்படிப் பிடித்துக்கொண்டாள். அப்பா தூரத்தில் நின்று "தண்ணி குடிச்சியா?" என்று உதட்டை அசைத்தால், இங்கிருந்தே பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். அம்மா புருவத்தை ஏற்றினால் போதும், துணிக்குவியலில் இருந்து இறங்கிவிடுவாள். பெரியவர்களே திணறுகிற இடத்தில் பால்பல் போகாத பிள்ளை தேர்ந்துவிட்டது.

"பொறக்கும்போதே வேலைக்குச் சேர்ந்துட்டா உங்க பொண்ணு" என்பாள் மடிப்பு அக்கா. "எனக்கு அடுத்து இந்த இடம் அவளுக்குத்தான், எழுதி வெச்சுட்டேன்."

"மடிக்கிற வேலையா? எம் பொண்ணு ஆபீஸ்ல உக்காருவாக்கா" என்பார் ஃபிட்டர்.

"உக்காரட்டும். அங்கயும் யாராவது துணி மடிக்கணுமில்ல?"

நாடாவுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. யாராவது பேசும்போது முகம் வேறு பக்கம் போனால், இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். கொஞ்சுகிறாள் என்று எல்லோரும் உருகினார்கள். ஃபிட்டர் அதற்காகவே வேண்டுமென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

*

பள்ளியில் சேர்த்த சில மாதத்தில் பாலர் வகுப்பு டீச்சர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். டீச்சர் சின்ன வயசுக்காரி. பேசுவதற்கு முன்னால் சுண்ணாம்புத் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாடா நல்ல பிள்ளை சார். ஆனா கூப்பிட்டா திரும்பறதில்ல. எல்லாரும் எழுந்தா ஒரு நொடி கழிச்சுத்தான் எழுந்துக்கறா. கதை சொன்னா பாதியிலேயே எழுந்து போயிடறா. மத்தப் பிள்ளைங்க மூஞ்சியப் புடிச்சுத் திருப்பறான்னு புகார் வேற வருது. வாயசைக்கிறா, பேச்சு வெளிய வரல. ஒருதடவ காதைக் காட்டிடுங்களேன்."

ஃபிட்டர் சிரித்துவிட்டார். சும்மா இல்லை, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எம் பொண்ணுக்கா? டீச்சர், தறி ஓடற சத்தத்துல, இந்தக் கோடியிலேர்ந்து நான் சொல்றதை அந்தக் கோடியில வாங்கிக்கறவ அவ. ஒருநாள் வந்து பாருங்க."

வேறு யாராக இருந்தாலும் சரி சரி என்று விட்டிருப்பார்கள். டீச்சர் நிஜமாகவே வந்தாள். பள்ளி விட்டதும் கைப்பையோடு தறிக்கூட வாசலில் நின்றாள். உள்ளே நுழைந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஃபிட்டர் அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, வித்தை காட்டுகிறவரைப் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தூரத்தில் தடுப்புக்குள் இருந்த மகளின் கண் தன்மேல் படும்வரை காத்திருந்தார். பிறகு உதட்டை அசைத்தார்: அக்காவோட சிவப்புப் பையை எடு. வாசல்ல வை.

நாடா சிவப்புப் பையை எடுத்தாள். தடுப்பு ஓரமாகவே ஓடி வாசல் பக்கத்துக் கதவில் வைத்தாள். டீச்சரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தாள். சுற்றிலும் நின்றவர்கள் கை தட்டினார்கள்; அதுவும் கேட்கவில்லை, கை அசைந்ததுதான் தெரிந்தது.

வெளியே வந்த பிறகு டீச்சர் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கே உள்ள ஒண்ணுமே கேக்கல சார். அவளுக்குக் கேக்குதுன்னா... நான்தான் தப்பா நினைச்சுட்டேன் போல."

"பரவால்ல டீச்சர். புதுசுதானே, போகப் போகப் பிள்ளைங்களப் புரிஞ்சுக்குவீங்க."

அந்தப் பதிலை அவர் பெருந்தன்மை என்றே நினைத்தார். டீச்சர் முகம் சிவக்க பஸ் ஏறிப் போனாள். காது என்ற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

காது கேட்கும் என்று நிரூபித்தாகிவிட்டது. அப்படியானால் கூப்பிட்டுத் திரும்பாததற்கு ஒரே காரணம்தான் மிச்சம்: திமிர். ஃபிட்டரின் கணக்கு அப்படித்தான் ஓடியது. வீட்டில் பின்னாலிருந்து அழைப்பார். அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள். பல்லைக் கடித்துக்கொள்வார். "உங்கள மாதிரியே அழுத்தக்காரி" என்பாள் மனைவி.

ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது நாடா அவர் விரலை உதறிவிட்டுத் தெருவில் முன்னால் ஓடினாள். குறுக்குச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வேகமாக வந்தது. ஃபிட்டர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். தெருவே நின்றது, நாடா நிற்கவில்லை. சைக்கிள்காரன் ஒடித்துத் திருப்பிச் சுவரில் உரசிக்கொண்டு திட்டிவிட்டுப் போனான். ஃபிட்டர் ஓடிப்போய் அவளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அறைந்தார். பிறகு குனிந்து, முகத்துக்கு நேராக விரலை ஆட்டி, ஒவ்வொரு வார்த்தையாக அழுத்திச் சொன்னார்:

"கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டியா?"

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வீட்டில் அடிக்கடி கேட்டது. சில நாள் விரல் மட்டும். சில நாள் ஓங்கிய கை. அறையாத நாட்களை அவர் பொறுமையில் சேர்த்துக்கொண்டார்.

*

வருஷக் கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னாள்: நாடாவை ஒன்றாம் வகுப்புக்கு ஏற்ற முடியாது. எழுத்தைப் பார்த்து எழுதுகிறாள், வாயால் சொல்வதில்லை. அவளோடு வந்த பிள்ளைகள் எல்லாம் மேலே போவார்கள், அவள் மட்டும் இங்கேயே இருக்கட்டும்.

"பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. வீட்டுல கண்டிச்சு வளர்க்கணும்."

ஃபிட்டருக்கு அந்த வார்த்தை சௌகரியமாக இருந்தது. கண்டிப்பதுதானே? அவரால் முடிகிற காரியம்.

பள்ளி விடுமுறையில் நாடா மறுபடி நாள் முழுக்கத் தறிக்கூடத்தில் இருந்தாள். ஒருநாள் முற்பகல் கரண்ட் போயிற்று. அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றது. இந்த அமைதியை வெளியாட்கள் அனுபவித்திருக்க மாட்டார்கள். காதில் பஞ்சை அடைத்தமாதிரி இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியுலகம் உள்ளே வரும். தூரத்தில் ஒரு நாய். கூரையில் ஒரு காக்கை. யாரோ தும்மினார்கள்.

"அப்பாடா, தலை கழண்டு திரும்ப மாட்டின மாதிரி இருக்கு" என்றாள் மடிப்பு அக்கா. அமைதியில் அவள் குரல் தேவைக்குமேல் கணீரென்று வந்தது.

ஃபிட்டர் ஒரு தறியின் அடியிலிருந்து எழுந்து வந்தார். நாடா தடுப்புக்குள் துணிக்குவியலின் மேல், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நூல் சிக்கு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாடா."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வாசலில் படுத்திருந்த பூனைகூடக் கண்ணைத் திறந்தது. அவள் திரும்பவில்லை.

"நாடா!"

கோபம் வழக்கம்போல ஏறத் தொடங்கியது. பாதியில் ஏதோ தடுக்கியது. இத்தனை பேருக்கு முன்னால், இத்தனை அமைதியில், அந்த முதுகில் திமிர் எங்கேயும் இல்லை. தோள் இறுகவில்லை. நூலைப் பிரிக்கிற விரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறவர்களின் முதுகு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரே அப்படி இருந்திருக்கிறார்.

கையிலிருந்த ஸ்பேனரைச் சிமெண்டுத் தரையில் போட்டார். கூடம் முழுக்க அதிர்ந்து மடிப்பு அக்கா நெஞ்சில் கை வைத்தாள். துணிக்குவியல் மேல் விரல்கள் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தன.

மனைவி நூல் மிஷினிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

கரண்ட் வந்தது. தறிகள் அடிக்கத் தொடங்கின. தரை அதிர்ந்து, தடுப்பு அதிர்ந்து, அந்த அதிர்வில் நாடா தலையைத் தூக்கினாள். திரும்பினாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். அப்பாவைத் தேடிப் பிடித்து, வாய் நிறையச் சிரித்து, உதட்டை அசைத்தாள்: என்ன?

*

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் அறையின் சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். பரிசோதகர் நடு வயதுப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துவிட்டு அறை முழுக்கத் தேடுகிற ஜாதி. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும் என்று நாடாவுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாள். ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்தது. நாடா கட்டையைப் போட்டாள். மறுபடி வந்தது. மறுபடி போட்டாள். ஃபிட்டருக்கு மூச்சு வந்தது.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் ஒண்ணும் பண்ணலையே!"

"சத்தம் வரும்போதெல்லாம் தலையாட்டறீங்க. அவ உங்களைப் பார்த்துத்தான் போடறா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெரிய சத்தத்துக்குத்தான் ஆட்டறீங்க. நீங்களும் ஒருநாள் வாங்க, உங்க காதையும் பாக்கலாம்" என்றாள்.

அவர் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. நாடா கட்டையைக் காதருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள்.

முடித்துவிட்டுப் பரிசோதகர் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்தாள். இரண்டு காதிலும் நரம்புக் குறைபாடு, பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாம். நெருங்கி நின்று உரக்கப் பேசினால் கொஞ்சம் விழும். சாதாரணப் பேச்சு சுவருக்கு அந்தப்பக்கம் பேசுகிற மாதிரி.

"வயித்துல இருக்கும்போதும் நான் தறிக்கூடத்துலதான் இருந்தேன்" என்றாள் மனைவி.

"அதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா. பல பிள்ளைங்களுக்குக் காரணமே தெரியறதில்ல. அதை விடுங்க. வீட்டுல நல்லாப் பேசுவான்னு சொன்னீங்களே. சத்தமாப் பேசுவாளா?"

ஃபிட்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்து உதட்டை அசைத்தார். மனைவி பதிலுக்கு உதட்டை அசைத்து, கையை விரித்தாள்.

பரிசோதகரின் பேனா நின்றது.

"இப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?"

இருவருக்கும் புரியவில்லை.

"பேசிக்கிட்டீங்க, இல்லையா? குரல் எங்க?"

"அது... தறிக்கூடத்துல இப்படித்தான் மேடம். பழக்கம்."

"வீட்டுலயுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்த மனைவி அப்படியே அழத் தொடங்கினாள். அந்த அழுகைக்கு மட்டும் குரல் இருந்தது.

பரிசோதகர் அவர்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஃபிட்டருக்கு இருந்தது. உதட்டைப் படிப்பது கெட்ட பழக்கம் இல்லை, அது இந்தப் பிள்ளையின் பலம் என்றாள். ஆனால் வீட்டில் உதடு மட்டும் அசைந்ததால், காதில் விழக்கூடிய கொஞ்சமும் விழாமல் போயிருக்கிறது. பேச்சு என்றாலே வாயசைப்பு என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது. தினமும் சொல்கிற நூறு விஷயம் அவளுக்குத் தெரியும். சொல்லாத ஆயிரம் தெரியாது. காது மிஷின் பொருத்தலாம், பேச்சுப் பயிற்சியைத் தானே தருவதாகச் சொன்னாள்.

"போன வருஷமே வந்திருந்தா?" என்று கேட்டார் ஃபிட்டர்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். அதுக்காக இப்ப ஒண்ணும் கை மீறிப் போயிடல. போன வருஷத்தையே நினைச்சுக்கிட்டு இருந்தா இந்த வருஷமும் போயிடும், அவ்வளவுதான்."

போன வருஷம். சிவப்புப் பை. "எனக்கே உள்ள ஒண்ணுமே கேக்கல சார்." விடை டீச்சரின் வாயிலேயே வந்திருக்கிறது. யாருக்குமே கேட்காத இடத்தில் நிறுத்தி, மகளுக்குக் காது கேட்கும் என்று நிரூபித்திருக்கிறார்! கைதட்டல் வேறு. அதைவிட மோசம், சந்தேகப்பட்ட ஒரே ஆளின் வாயை அடைத்து அனுப்பியிருக்கிறார். அந்தக் கன்னத்தில் எத்தனை தடவை அறைந்தோம் என்று எண்ணிப் பார்க்க முயன்றார். முடியவில்லை, எண்ண முடியாத அளவு இருந்ததே அவரைக் கூனவைத்தது.

மறுநாளே டீச்சரைப் போய்ப் பார்த்தார். சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு, "நான் விட்டிருக்கக் கூடாது சார். எனக்கு அப்பவே தோணிச்சு. உங்ககிட்ட மறுபடி வந்து பேச வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

"வெக்கப்பட வெச்சது நான்தானே டீச்சர்."

அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. டீச்சரும் அதை மறுக்கவில்லை.

இரண்டு பேரும் தலைமையாசிரியையிடம் போனார்கள். பரிசோதகரும் வந்து பேசினாள். நாடா தன் கூட்டாளிகளோடு ஒன்றாம் வகுப்புக்கே போகட்டும், நடுவருஷத்தில் பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஒருவழியாகச் சம்மதம் கிடைத்தது. அவளுக்கு முன்வரிசை, ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் சொல்லக் கூடாது, பிள்ளையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கதை சொன்னால் படத்தையும் காட்ட வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்துப் பிள்ளை தோளைத் தொட்டுச் சொல்லும். ஒன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த டீச்சரே கூடப் போனாள். நடுவருஷம் வரைக்கும் ஃபிட்டருக்குத் தூக்கம் ஒரு கண்ணில்தான்.

*

காது மிஷின் வந்த முதல் வாரம், வீடு ஒரு புது வீடாக இருந்தது. குழாய்ச் சத்தத்துக்கு நாடா பயந்தாள். செருப்புச் சத்தத்துக்குச் சிரித்தாள். அம்மா தும்மியதும் ஓடிவந்து மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

ஃபிட்டர் ஒரு தப்புச் செய்தார். மகிழ்ச்சியில், மடிப்பு அக்காவிடம் காட்ட வேண்டும் என்று மிஷினோடேயே அவளைத் தறிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார். வாசலைத் தாண்டியதுதான் தாமதம். அத்தனை வருஷமாக ஓடி விளையாடிய இடத்தில், நாடா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினாள். அந்த அலறல் தறிச்சத்தத்தில் கேட்கவில்லை; திறந்த வாய்தான் தெரிந்தது. வெளியே தூக்கி வந்து மிஷின்களைக் கழற்றிய பிறகும் அவர் கழுத்தை விடவில்லை. அதற்குப் பிறகு அவள் தறிக்கூடத்துப் பக்கம் வர மறுத்தாள். தூரத்தில் அவள் முகத்தைப் பார்த்து வேலை செய்த பழக்கம். அவர் கண் இப்போதும் தடுப்பின் பக்கம் போய்த் திரும்பும்.

வீட்டில் அவருக்குத்தான் பெரிய பாடம். பேச வேண்டும், முகத்தைக் காட்டிக்கொண்டு, குரலோடு, எதைச் செய்தாலும் சொல்லிக்கொண்டே. அவருக்கு இருந்தது இரண்டு குரல்: இல்லாத குரல், இல்லாவிட்டால் தெரு அதிர்கிற குரல். நடுவில் ஒன்றைத் தேடினார்.

"அப்பா சட்டைய மாட்டறேன். நீலச் சட்டை. பட்டன் போடறேன். ஒரு பட்டன் காணோம்."

அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஃபிட்டரே, மேட்ச் யாருக்கும் யாருக்கும்? ஸ்கோர் எவ்வளவு?"

"அப்பா சிரிக்கிறேன்" என்றார் ஃபிட்டர், மகளைப் பார்த்து.

மனைவி அரைநேர வேலைக்கு மாறி மகளைப் பயிற்சிக்கு அழைத்துப் போனாள். நாடாவிடமிருந்து சத்தங்கள் வந்தன. ம்மா. ப்பா. பால். பூனை என்பது ஊனை. பரிசோதகர் அவளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள்: யாராவது உதட்டை மட்டும் அசைத்தால், காதைத் தட்டிக் காட்டி, "கேக்கல" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை நாடா ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் யாரையும் விட்டுவைக்கவில்லை. முழு வாக்கியம் மட்டும் வரவில்லை. ஒற்றை வார்த்தை, சில நாள் இரண்டு. நடுவருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தன் காதைப் பார்க்க வரச்சொன்னது ஃபிட்டருக்கு ஞாபகமே இல்லை.

*

நடுவருஷப் பேச்சுக்குப் போகிற அன்று ஃபிட்டர் தறிக்கூடத்திலிருந்து நேராகப் பள்ளித் தெருவுக்கு வந்தார். மனைவி உள்ளே தலைமையாசிரியையின் அறை வாசலில் காத்திருந்தாள். அவர் எதிர்க்கடை வாசலில் நின்று கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன சொல்வார்கள், நாடாவைத் திரும்ப பாலர் வகுப்பில் போடுவார்களா, போட்டால் அவள் கூட்டாளிகளைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவாள் என்பதே மண்டைக்குள் ஓடியது. முதுகு பள்ளியின் பக்கம்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். பின்னாலிருந்து சட்டையை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள்.

திரும்பினார். நாடா. பின்னால் டீச்சர், கைப்பையோடு, வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அவ கேட்டுலேர்ந்து 'ப்பா, ப்பா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே வரா சார்! நாலஞ்சு தடவை. நல்ல சத்தமாத்தான். நீங்க திரும்பவே இல்ல."

கடைக்காரர்கூட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது.

நாடா முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். எம்பி, இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அவர் குனிந்தார். அவள் ஒரு கையை எடுத்து, அவர் முகத்துக்கு நேராக விரலை ஆட்டினாள். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக, கரடுமுரடாக, குரலோடு:

"கூப்பித்தா... திம்பி... பாக்க மாத்தியா?"

சொல்லி முடித்ததும் கை தானாக மேலே ஓங்கியது. அவளுக்குத் தெரிந்தவரை அந்த வாக்கியம் அப்படித்தான் முடியும்.

"முழுசாச் சொல்லிட்டா!" டீச்சர் துள்ளினாள். "சார், கேட்டீங்களா? முழு வாக்கியம்! முதல் வாக்கியம் சார்! இருங்க, ஹெட்மிஸ்ட்ரஸைக் கூட்டிட்டு வரேன், இதை அவங்க கேக்கணும்." அவள் கேட்டைப் பார்த்து ஓடியே போனாள்.

ஃபிட்டர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னக் கை, விரலெல்லாம் கிரேயான் கலர். அது அவர் கன்னத்தில் இறங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது இறங்கவில்லை, பதிலுக்காக அப்படியே நின்றது. இத்தனை மாதப் பயிற்சியில் எத்தனை வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்கள். இவள் மனசில் தங்கியது அவர் சொல்லிக்கொடுத்தது. காது மிஷின் வருவதற்கு முன்னால், முகத்துக்கு நேராக, அழுத்தி, திருத்தமாக, குரலோடு அவர் அவளிடம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அவர் தெருவில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். உதடு அசைந்தது: தப்பு என் மேலதான்.

நாடா ஓங்கிய கையை இறக்கி, காதைத் தட்டிக் காட்டினாள்.

"கேக்கல."

அவர் மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது.

"கேக்கல!" இந்தத் தடவை காலையும் உதைத்தாள்.

நடுவில் ஒரு குரல் தேடிப் பழகியதெல்லாம் எங்கே போயிற்றோ, ஃபிட்டரிடமிருந்து அந்தப் பழைய தெரு அதிர்கிற குரல்தான் கிளம்பியது.

"தப்பு என் மேலதான்!"

கடைக்காரர் திரும்பினார். பிள்ளைகள் திரும்பினார்கள். பள்ளி கேட்டில் டீச்சரோடு வந்துகொண்டிருந்த தலைமையாசிரியையும் ஃபிட்டரின் மனைவியும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

நாடாவுக்குக் கேட்டது. ஒரு கணம் யோசித்தாள். பிறகு தோளிலிருந்து பள்ளிப் பையைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, அம்மாவைப் பார்த்து ஓடினாள்.